காலம் கெட்டுப் போச்சா? ஒழுக்கச் சரிவு பற்றிச் சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உண்மையிலேயே ஒழுக்கம் குறைஞ்சிருக்கா, இல்ல வயசானவங்க புலம்பலா?

பாதிக்கு மேல் புலம்பல்தான். உலகில் 60 நாடுகளிலாவது மக்கள் இதையே சொல்கிறார்கள், குறைந்தது 70 ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள் என்று 2023ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. "இன்று உங்களை யாராவது மரியாதையாக நடத்தினார்களா? தெரியாதவருக்கு உதவினீர்களா?" என்று கேட்டால் வரும் பதில்களோ ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை. கெட்ட சேதி சட்டென்று கண்ணில் படுகிறது. பழைய கெட்டதின் காரமோ நாளாக நாளாக நினைவில் மங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் "அந்தக் காலம் நல்ல காலம்" என்று தோன்றத்தான் செய்யும்.

சேலத்துக்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது இங்கேதான். பிறந்த பெண் குழந்தையைக் கொல்வதற்குப் பதில் தொட்டிலில் போட்டுவிட்டாவது போங்கள் என்று ஒரு மாநிலமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில், 6 வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகள்தான். மாநில அளவில் அது 942. 2011ல் சேலத்தின் எண் 916க்கு ஏறியது. கோவிலும் கூட்டுக்குடும்பமும் ஊர்க் கட்டுப்பாடும் இன்றைவிட உறுதியாக இருந்த காலத்தில்தான் அந்தக் கொலைகள் நடந்தன. பிறகு எண்ணிக்கை மேலே வந்ததற்கு கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்க ஸ்கேன் மையங்கள் மீது வந்த 1994 சட்டம், கிராமச் செவிலியரின் கண்காணிப்பு, பெண்களின் படிப்பு, வேலை, சம்பளம் என்று பல காரணங்கள் உண்டு. பொத்தாம்பொதுவாக எல்லாமே கெட்டுவிட்டது என்பது தவறு.

அப்படின்னா குறைஞ்சது எது?

முகம் தெரியாதவர்களுக்கு இடையே உள்ள கொடுக்கல் வாங்கலில் நம்பிக்கை குறைந்திருக்கிறது. வீட்டுக்குள்ளும் நண்பர்களிடமும் மனிதர்கள் முன்புபோலவேதான் இருக்கிறார்கள். சரக்கு எங்கோ போகிறது, வாங்குபவர் யாரென்று தெரியாது, தவறு செய்தால் நாளைக்கு அவர் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை என்ற நிலையில்தான் கை நீளுகிறது. ஆகவே மனசு கெட்டதா என்று தேடுவதைவிட, யார் கண்ணில் படாமல் எது நடக்கிறது என்று தேடினால் காரணம் சீக்கிரம் கிடைக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

நேர்மையான ஆள் ஏன் தொழிலில் நிற்க முடியறதில்ல?

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். ஆத்தூர், சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிதான் இதற்கு மூலம். கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, படிந்த மாவைக் குருணையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. மேல்தோலோடு உள்தோலையும் சுத்தமாக எடுத்து, நல்ல தண்ணீரில் அலசினால் மாவு தானாகவே வெள்ளையாக வரும். அதற்கு ஆளும் நேரமும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். தோலைச் சரியாக எடுக்காமல் அரைத்தால் மாவு மங்கிப்போகும். அந்த மங்கலை மறைக்கத்தான் பிளீச்சிங் ரசாயனமும் அமிலமும் வருகின்றன. மக்காச்சோள மாவு விலை குறையும்போது அதைக் கலப்பதும் நடக்கிறது.

இதில் பெரிய வாடிக்கையாளர் மகாராஷ்டிரத்திலும் வடக்கிலும் விரதத்துக்குச் சமைப்பவர். அவர் பார்ப்பது நிறத்தை மட்டும்தான். பளீரென்று இருப்பதற்கு விலை கூட, இயற்கையான லேசான மங்கலுக்கு விலை குறைச்சல். சுத்தமாகத் தயாரிப்பவருக்குச் செலவும் அதிகம், விலையும் கட்டுப்படியாகாது. முதல் வருடம் பொறுப்பார், இரண்டாம் வருடம் ஆலையை விற்பார், அல்லது அவரும் பிளீச்சிங் வாளியைத் தூக்குவார். கெட்டவர் ஜெயித்தார் என்பதைவிட, வாங்குபவரின் தவறான அளவுகோல் நல்லவரை வெளியே தள்ளியது என்பதே சரி.

இன்னொரு பக்கமும் உண்டு. விவசாயி கொண்டுவரும் கிழங்குக்கு மாவுச்சத்தைப் பார்த்து 'பாயிண்ட்' கணக்கில் விலை. மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டுப் பாயிண்ட் எடுப்பார்கள். ஒரு டன்னுக்குப் பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 டன் லோடில் 2 பாயிண்ட் குறைத்துச் சொன்னாலே 6,000 ரூபாய் போச்சு. இப்படிப் பட்ட விவசாயி அடுத்த முறை மண்ணோடும் முற்றாத கிழங்கோடும் லோடு ஏற்றுகிறார். ஆலைக்காரர் அதைச் சாக்காக வைத்து இன்னும் ஒரு பாயிண்ட் குறைக்கிறார். யார் ஆரம்பித்தது என்று இப்போது கேட்பதில் பயனில்லை.

இதை உடைக்க வழி, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத அளவுகோல். 1981ல் சேலத்தில் ஜவ்வரிசி விற்பனைக்கான சேகோசர்வ் கூட்டுறவு தொடங்கப்பட்டதன் பலன்களில் ஒன்று, சரக்கைச் சோதித்து ஏலத்தில் விற்க ஒரு பொது இடம் கிடைத்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வந்தது. குறியீட்டுச் சான்றிதழைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. வெளுக்காத சரக்குக்குத் தனி விலை கிடைத்தால்தான் அதற்கு மதிப்பு.

கொலுசு வாங்கும்போது ஏமாறாம இருக்க என்ன பார்க்கணும்?

செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீட்டுக்கு வீடு நடக்கும் தொழில் இது. வெள்ளியின் சுத்தத்தை 'டச்' என்பார்கள். 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் வெள்ளி. 80 என்று சொல்லி 60 டச் கொடுத்தால், 200 கிராம் கொலுசில் 40 கிராம் வெள்ளி காணாமல் போகிறது. மேலே தடித்த வெள்ளி முலாம் இருந்தால், மெஷினில் மேற்பரப்பைப் பார்க்கும் சோதனைகூட ஏமாறும். சந்தேகம் என்றால் உரசியோ வெட்டியோ உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பற்றவைத்த இடங்களில் டச் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அது மோசடி ஆகாது. வளையம் வளையமாக நிறையப் பற்று உள்ள வேலைப்பாட்டில் அந்த வித்தியாசம் கூடும்.

பில்லில் மூன்று விஷயம் தனித்தனியாக இருக்க வேண்டும்: எடை, டச், கூலி. அதோடு திருப்பிக் கொடுத்தால் எந்த டச்சுக்கு எடுப்பார் என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள். விற்கும்போது 80, திருப்பி எடுக்கும்போது 60 என்று சொல்பவர் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். "பில் போட்டா வரி ஆகும்" என்றதும் பில் வேண்டாம் என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் நாமும் கூட்டுக் களவாணிதான்.

மாம்பழம்?

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வரும், ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடும் சேர்ந்திருக்கும். அதற்குப் பதில் எத்திலீன் வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரை அனுமதி. பழம் முழுக்க ஒரே மஞ்சள், ஆனால் காம்புப் பக்கம் மணம் இல்லை, அறுத்தால் கொட்டையை ஒட்டிப் புளிப்பு என்றால் சந்தேகப்படலாம். ஏப்ரல் தொடக்கத்திலேயே மல்கோவா கேட்டு அடம்பிடிப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பதைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள், நாங்கள் சொல்கிறோம்.

படிச்சவங்களே எப்படி மோசடிச் சீட்டுல விழறாங்க?

தெரிந்தவர் மூலம் வருவதால். அக்கம்பக்கத்து அக்கா, உடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாத்தியார், கோவில் நண்பர் இவர்களில் ஒருவர்தான் ஏஜென்ட். முதல் நாலைந்து மாதம் பணம் சரியாக வரும். அந்த நாலைந்து மாதம்தான் விளம்பரம்.

கணக்கைப் பாருங்கள். லட்சம் கட்டினால் மாதம் 10,000 ரூபாய் என்கிறார்கள். ஆண்டுக்கு 120 சதவீதம். அவ்வளவு லாபம் தரும் தொழில் கிடையாது, ஆகவே புதிதாகச் சேர்பவரின் பணத்தைத்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். 100 பேரோடு தொடங்கினால் வட்டி கொடுக்க மட்டுமே மாதாமாதம் 10 சதவீதம் புது ஆட்கள் வேண்டும். இரண்டு ஆண்டில் கிட்டத்தட்ட 1,000 பேர், மூன்று ஆண்டில் 3,000 பேருக்கு மேல். ஏஜென்ட் கமிஷனும் நடத்துபவரின் காரும் இதில் சேராது. எந்த மாதம் புது ஆள் குறைகிறாரோ அந்த மாதம் ஷட்டர் விழும்.

முறையான ஏலச்சீட்டு வேறு. 1982ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, தொடங்கும் முன் பதிவாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை வைக்க வேண்டும், ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைப் பதிவு எழுத வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7 சதவீதம், முன்பு 5. கட்டும் முன் கேட்க வேண்டியவை: அனுமதி எண், உறுப்பினர் ஒப்பந்தத்தின் நகல், பிணை வைத்த ரசீது. "நம்ம ஆளுங்கதான், எதுக்குப் பேப்பரெல்லாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பணம் போய்விட்டால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார். முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாடு சட்டம் 1997ல் வந்தது. அதன்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பங்கிட்டுத் தர முடியும். ஆனால் ரொக்கமாகக் கட்டி, டைரித் தாளில் கையெழுத்து வாங்கியவர்களுக்கு நிரூபிப்பது பெரும்பாடு. வெளியே தெரிந்தால் கேவலம் என்று பலர் புகாரே தருவதில்லை. மோசடிக்காரரின் முதலீடே அந்தக் கூச்சம்தான். இன்னொன்றும் உண்டு: ஆறு மாதம் வட்டி வாங்கிவிட்டு, உள்விவகாரம் தெரிந்தும் தங்கச்சி குடும்பத்தைச் சேர்த்துவிட்டவர் ஏமாந்தவரா, ஏமாற்றியவரா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை அது.

லஞ்சம் கொடுக்காம எந்த வேலையும் நடக்கறதில்லையே, கொடுத்தா என் தப்பா?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்திருந்தால், 7 நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்தால் தப்பிக்கலாம். கொடுக்கும் முன்பே புகார் செய்வது இன்னும் நல்லது. எழுத்துப் புகார் வாங்கி, ரூபாய் நோட்டில் பினாப்தலீன் தூள் தடவித் தருவார்கள். வாங்கியவரின் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். புகார்தாரர் சொதப்பும் இடம் ஒன்றுதான்: கேட்காமலேயே பணத்தை நீட்டிவிடுவது. "எவ்வளவு, எதற்கு" என்று அலுவலர் வாயால் வர வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது.

வாங்குவது எங்கே அதிகம் என்று பாருங்கள். விண்ணப்பம் யார் மேஜையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று வெளியே தெரியாத இடத்தில். இணையத்தில் எண்ணைப் போட்டால் நிலை தெரியும் சான்றிதழ்களில் பேரம் குறைந்திருக்கிறது. நேரில் போய் 'அளந்து' தர வேண்டிய வேலைகளில் குறையவில்லை. ஊழியர் சங்கங்களுக்குக் கோபம் வரலாம், ஆனாலும் நிலைமை இதுதான்.

மதுவை ஒழிச்சா எல்லாம் சரியாயிடாதா?

இதைச் சேலத்தில் செய்து பார்த்தாகிவிட்டது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் 1ல் மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போனது, வரி நிலைத்துவிட்டது. 1971ல் தளர்வு, பிறகு மீண்டும் தடை, 1981ல் மீண்டும் தளர்வு, 1983ல் டாஸ்மாக், 2003ல் சில்லறைக் கடைகளும் அரசின் கையில்.

மது வீட்டுச் சண்டைக்கும் கடனுக்கும் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடையை மூடிய இடத்தில் கள்ளச்சாராயம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். எங்கள் கருத்து: கடை நேரத்தைக் குறைப்பதும், கூலி கொடுக்கும் நாளில் பாதியைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் போடுவதும் முழக்கங்களைவிட அதிகம் வேலை செய்யும். குடியை நிறுத்த நினைப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. நாள்பட்டுக் குடித்தவருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், மருத்துவமனையில் இருந்தபடி நிறுத்துவதே பாதுகாப்பு.

சொத்தை எழுதி வாங்கிட்டு அப்பா அம்மாவை வெளிய அனுப்பறாங்களே?

ஒழுக்கச் சரிவு என்று எங்களிடம் சொல்லி வருபவர்களில் இப்படி வெளியே அனுப்பப்பட்ட பெற்றோர்தான் அதிகம் கலங்கியிருப்பார்கள். 2007ம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரியில் கோட்டங்கள் உண்டு, ஏற்காடு சேலம் கோட்டத்தில் சேரும். வக்கீல் இல்லாமலே வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம். நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிடலாம். கொடுக்காவிட்டால் பிடிவாரண்டும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

சொத்து விஷயத்தில் ஒரு கவனம். தானசெட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதும்போது "கடைசி வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து" என்ற வாசகத்தை நேரடியாகச் சேருங்கள். சட்டத்தின் 23ம் பிரிவு அதற்குத்தான். 2022ல் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையை வலியுறுத்தியது, 2025ல் கொஞ்சம் தளர்வாகப் பார்த்தது. எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்தில் இரண்டு வரி எழுதுவது சுலபம். "பெத்த புள்ளகிட்டப் போய் நிபந்தனையா" என்று சங்கடப்படுபவர்கள், தங்கள் பெயரில் வாழ்நாள் அனுபவ உரிமையையாவது நிறுத்திக்கொள்ளட்டும். இன்னும் நல்லது, உயில். உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம்.

பிள்ளைகள் எல்லோரும் கொடியவர்களும் அல்ல. ஓசூரிலோ திருப்பூரிலோ பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, ஒற்றை அறை வாடகை வீடு, பக்கவாதத்தில் விழுந்த அம்மா. முன்பு நாலு அண்ணன் தம்பிகளும் அவர்கள் மனைவிமாரும் பகிர்ந்த வேலை, இப்போது ஒரு மருமகள் தலையில். பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது அந்த மருமகளின் பக்கமும் கேட்கப்பட வேண்டும். பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

செல்போன்தான் எல்லாத்துக்கும் காரணமா?

எல்லாவற்றுக்கும் அல்ல. ஆனால் இருந்த இடத்திலேயே பணம் இழக்கும் வசதியை அது தந்துவிட்டது. சூதாட்டத்துக்குத் தடை விதித்து ஆன்லைன் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 2023ல் நடைமுறைக்கு வந்தது. கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், அவமானப்படுத்தி வசூலிக்கத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு வர்றவங்க ஏன் இப்படி நடந்துக்கறாங்க?

தன் வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போடுபவர்தான், இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் வண்டியை நிறுத்தி பாட்டிலைச் சரிவில் வீசுகிறார். நாளை அவர் அங்கே இருக்கப் போவதில்லை. கண்ணாடித் துண்டை மிதிப்பது காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும், மலையில் வாழும் 'மலையாளி' என்ற பழங்குடிப் பெண்ணோ, காட்டெருமையோ. பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. சுற்றுலாப் பயணியின் மனசை மாற்றாமலே பாட்டில் கடைக்குத் திரும்பியது.

பழைய ஊர்க் கட்டுப்பாடு வந்தா எல்லாம் சரியாகும்னு சொல்றாங்களே?

நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். ஊர்க் கண் திருடனை மட்டும் பார்க்கவில்லை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையும் பார்த்தது. 2015ல் ஓமலூரைச் சேர்ந்த பட்டியலின இளைஞர், வேறு சாதிப் பெண்ணோடு பேசியதற்காகத் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022ல் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. செய்தவர்கள் அதை 'மானம்' காப்பது என்றுதான் நினைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்ப அழைப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள்.

பள்ளியில நீதிபோதனை வகுப்பு வைச்சா?

வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் பரீட்சை அறையில் ஆசிரியரே விடை சொல்லித் தந்தால் ஒரு வருட வகுப்பு ஒரு மணி நேரத்தில் அழியும். 2019ல் வெளியான ஓர் ஆய்வில் 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களைத் 'தொலைத்து'ப் பார்த்தார்கள். பணம் இருந்த பர்ஸ்தான் அதிகம் திரும்பி வந்தது. தன்னைத் திருடனாக நினைத்துக்கொள்ள மனிதருக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட, சில்லறை அதிகம் வந்தால் நீங்கள் கடைக்குத் திரும்பி நடப்பது பதியும்.

ஒரு தெருவோ சங்கமோ எங்கிருந்து தொடங்கலாம்?

தராசிலிருந்து. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை வேண்டும், சான்றைக் கடையில் மாட்டியிருக்க வேண்டும். தெருவில் உள்ள எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். ஒருவரை மட்டும் குறிவைத்தால் அது சண்டையாகிவிடும். பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவுச் சாடியில் ஊற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து சங்கத்தின் சொந்தக் கணக்கு. கோவில் திருவிழா வசூல், குடியிருப்போர் நிதி, மகளிர் குழுச் சேமிப்பு எதுவானாலும் வரவு செலவை மாதம் ஒரு முறை பலகையில் ஒட்டுங்கள். கையெழுத்துப் போட இருவர், பணம் எண்ண மூன்றாமவர். பெரும்பாலான சங்கங்கள் உடைவது திருட்டால் அல்ல, கணக்குக் கேட்டதற்குத் தலைவர் கோபித்துக்கொள்வதால்.

எதுக்கு எந்த நம்பர்?

ஆன்லைனில் பணம் போனால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. முதியோருக்கு 14567. கடை, பில், பொருள் பற்றிய புகாருக்கு 1915. கூப்பிட்டதும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த முறை கூப்பிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.